ஈயடிச்சான் காப்பி

“ஈயடிச்சான் காப்பி” என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. பழைய தஸ்தாவேஜு ஒன்றைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த குமாஸ்தா ஒருவன், அதன் நடுவில் ஓர் ஈ நசுங்கி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டானாம். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்பது அவனுக்கு மேலதிகாரி இட்டிருந்த உத்தரவு. என்ன செய்வான், பாவம்! எழுந்து போய் ஓர் ஈயைத் தேடிப் பிடித்து அடித்து, தன் பிரதியிலும் அதே வரியில் அதே இடத்தில் ஒட்டிவைத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எழுதினானாம்.

அந்தக் குமாஸ்தாவை நினைத்து நாம் சிரிக்கிறோம். ஆனால் அவனுடைய வம்சம் மிகப் பெரியது. சங்கீதத்தில், சினிமாவில், பத்திரிகையில் எல்லாம் அதற்குக் கிளைகள் உண்டு. அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு என்ற புதிய தொழில் தோன்றியபோது, அந்த வம்சத்தார் அங்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். பதினோரு ஆண்டுகளில் மலைமலையாகப் பணம் குவித்தார்கள். பிறகு, விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் கொட்டிப் புதைக்க வேண்டி வந்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

“கதை எழுதுகிற ஆசாமிக்கு வீடியோ விளையாட்டைப் பற்றி என்ன கவலை?” என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தொடர்கதையும் விளையாட்டுப் பெட்டியும் பங்காளிகள். இரண்டும் பிறருடைய ஓய்வு நேரத்தை நம்பிப் பிழைப்பவை. இரண்டிலும் கற்பனை செய்கிறவன் ஒருவன். கணக்குப் பார்க்கிறவன் வேறொருவன். அந்த இருவருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு.

கதையை ஆதியிலிருந்தே தொடங்கலாம். ரால்ஃப் பேயர் என்ற எஞ்சினீயர், ஜெர்மனியில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1938-ம் ஆண்டு குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர். ராணுவத் தளவாடங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். 1966-ம் ஆண்டில் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி இருக்கிறது; ஜனங்கள் அதன் முன் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்; அதை வைத்து விளையாடினால் என்ன? இந்த யோசனையை நாலு பக்கத்தில் எழுதினார்; பிறகு பெட்டியாகவும் செய்து காட்டினார். மாக்னவாக்ஸ் என்ற டெலிவிஷன் கம்பெனி அந்த உரிமையைப் பெற்று, 1972-ல் ‘ஒடிஸி’ என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. சத்தம் கிடையாது. யார் ஜெயித்தார்கள் என்று கணக்கு வைக்கிற சாமர்த்தியமும் அதற்குக் கிடையாது. வண்ணப் படங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளைத் திரைமேல் ஒட்டிக்கொண்டு விளையாட வேண்டும். ஆனாலும் அதுதான் முதல் பெட்டி.

அதே 1972-ம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்னியாவில் ஒடிஸியைக் காட்சிக்கு வைத்தார்கள். பார்க்க வந்தவர்களில் நோலன் புஷ்னல் என்ற இளைஞரும் ஒருவர். வந்தவர்களுக்கென்று வைத்திருந்த புத்தகத்தில் அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தக் கையெழுத்து பிற்பாடு கோர்ட்டு வரைக்கும் போகப்போகிறது என்று அவருக்கு அப்போது எப்படித் தெரியும்?

மறு மாதமே புஷ்னலும் அவருடைய கூட்டாளி டெட் டாப்னியும் ‘அடாரி’ கம்பெனியைப் பதிவு செய்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த ஆலன் அல்கார்ன் என்ற எஞ்சினீயரிடம், கைப்பழக்கத்துக்காக ஒரு டென்னிஸ் விளையாட்டைச் செய்யும்படி புஷ்னல் சொன்னார். அல்கார்ன் பார்த்ததைப் பார்த்தபடி செய்கிற ரகம் அல்ல. மட்டையை எட்டுக் கூறாகப் பிரித்து, பந்து எந்தக் கூறில் படுகிறதோ அதற்கேற்ற கோணத்தில் திரும்பிப் போகும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் ஏறிற்று. சத்தம் வந்தது, கணக்கும் வந்தது. ‘பாங்’ என்று பெயரிட்ட அந்த யந்திரத்தைப் பரீட்சார்த்தமாக ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். சில நாளில் அது நின்றுபோயிற்று. திறந்து பார்த்தால், கோளாறு ஒன்றும் இல்லை; உண்டியல் நிரம்பி வழிந்திருந்தது!

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாங் ஒரு காப்பிதான். ஆனால் அது கற்றுக்கொள்கிறவன் எடுத்த காப்பி. குருவிடம் பாடம் கேட்ட சிஷ்யன், அதே கீர்த்தனையைப் பாடி, குருவுக்குத் தோன்றாத ஒரு சங்கதியையும் சேர்ப்பதுபோல. இப்படிப்பட்ட காப்பியைக் குற்றம் சொன்னால் உலகத்தில் ஒரு கலையும் மிஞ்சாது. எழுதக் கற்றவர்கள் எல்லோரும் யாரையோ பார்த்துத்தான் கற்றோம்.

ஈ ஒட்டுகிறவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். பாங் சம்பாதித்ததைப் பார்த்துப் பத்து, இருபது கம்பெனிகள் அதே பந்து, அதே மட்டையோடு கிளம்பின. புஷ்னல் அவர்களைக் குள்ளநரிகள் என்று வைதார். அவர் வைததில் நியாயம் இருந்தாலும், வைதவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1974-ல் மாக்னவாக்ஸ் கம்பெனி அடாரியின் மீதே வழக்குத் தொடுத்தது. மே மாதத்துக் கையெழுத்து வெளியே வந்தது. 1976-ல் அடாரி சமாதானமாகப் போய், பணம் கட்டி உரிமை பெற்றுக்கொண்டது.

இதற்கிடையே வேறொரு வேடிக்கையும் நடந்தது. ஒவ்வொரு ஊரிலும் விநியோகஸ்தர்கள், “உங்கள் சரக்கு எனக்கு மட்டும்தான், போட்டிக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது” என்றார்கள். புஷ்னல் என்ன செய்தார் தெரியுமா? ‘கீ கேம்ஸ்’ என்று வேறு பெயரில் தாமே ஒரு போட்டிக் கம்பெனியை 1973-ல் உண்டாக்கினார். அடாரியின் விளையாட்டுகளையே கொஞ்சம் மாற்றி அந்தக் கம்பெனி விற்றது. பிறர் காப்பியடிக்கு முன் தன்னைத் தானே காப்பியடித்துக்கொள்வது என்பது வியாபார சாமர்த்தியத்தின் சிகரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

1976-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனி, பந்தும் மட்டையுமான அந்த விளையாட்டு முழுவதையும் விரல் நீளமுள்ள ஒரே சில்லுக்குள் அடக்கி விற்க ஆரம்பித்தது. அதற்கு மேல் கேட்க வேண்டுமா? சில்லை வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டினால் வியாபாரம்! மூளைக்கு அங்கே வேலையே இல்லை. 1977-ல் கடைகளில் பந்தாட்டப் பெட்டிகள் தேங்கின. அடக்க விலைக்கும் கீழே தள்ளிவிட்டுப் பல கம்பெனிகள் மறைந்தன. இது முதல் எச்சரிக்கை.

நிற்க. ஜப்பானில் அப்போது என்ன நடந்தது என்று பார்ப்போம். டொமோஹிரோ நிஷிகாடோ என்பவர், பந்தால் செங்கல்லை உடைக்கும் அடாரியின் ‘பிரேக்அவுட்’ விளையாட்டைக் கண்டு சொக்கிப்போனவர். செங்கல் சும்மா நிற்பதற்குப் பதிலாக நகர்ந்து வந்து நம்மைத் திருப்பிச் சுட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். 1978-ல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ பிறந்தது. அவருடைய யந்திரத்துக்குத் திராணி போதவில்லை. வேற்றுக்கிரகவாசிகள் கூட்டமாக இருந்தபோது மெதுவாக நகர்ந்தார்கள். ஒவ்வொருவராகச் சாகச் சாக, மிச்சம் இருப்பவர்கள் வேகம் பிடித்தார்கள். யந்திரத்தின் பலவீனம்தான் காரணம். நிஷிகாடோ அதைத் திருத்தவில்லை. “இதில் ஒரு பரபரப்பு இருக்கிறது” என்று கண்டு அப்படியே வைத்துக்கொண்டார். கலைஞனுடைய கண் என்பது இதுதான்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸைப் பார்த்து எல்லோரும் சுட ஆரம்பித்தார்கள். ஊரெங்கும் துப்பாக்கிச் சத்தம்! நாம்கோ கம்பெனியில் இருந்த டோரு இவதானி என்ற இளைஞருக்கு இது அலுத்துப்போயிற்று. பெண்களும் விரும்பி ஆடத்தக்க விளையாட்டு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நினைத்தவர், சாப்பாட்டைக் கருவாக எடுத்துக்கொண்டார். 1980-ல், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு புள்ளிகளை விழுங்கும் ‘பாக்-மேன்’ வந்தது. உலகமே அதன் பின்னால் ஓடியது.

இப்போது அடாரியின் வீட்டுக் கதைக்கு வருவோம். 1976-ல் வார்னர் கம்பெனி அடாரியை 2 கோடியே 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டில், கார்ட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டியை மாற்றி மாற்றிச் செருகிப் பல விளையாட்டுகள் ஆடும் வீட்டு யந்திரம் வந்தது. 1978 முதல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ரே காஸர். ஜவுளித் தொழிலில் அனுபவம் பெற்றவர். அவர் காலத்தில் விற்பனை பல மடங்கு பெருகியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் விளையாட்டை ஆக்கியவனின் பெயரை எங்கும் போடுவதில்லை என்பது அங்கே ஏற்பாடு. நான்கு புரோகிராமர்கள் சேர்ந்து போய், “எங்கள் விளையாட்டுகளால்தான் இவ்வளவு லாபம், பெயரும் பங்கும் கொடுங்கள்” என்று கேட்டார்கள். தொழிற்சாலையில் பெட்டிகளைப் பூட்டுகிற தொழிலாளியைவிட நீங்கள் உசத்தி இல்லை என்று பதில் வந்ததாக, அந்த நால்வரில் ஒருவரான டேவிட் கிரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நால்வரும் வெளியேறி, 1979-ல் ‘ஆக்டிவிஷன்’ கம்பெனியைத் தொடங்க முன்நின்றார்கள். ஒவ்வொரு விளையாட்டோடும் ஆக்கியவர் பெயரையும் படத்தையும் அச்சிட்டார்கள். கிரேன் ஆக்கிய ‘பிட்ஃபால்’ 1982-ல் வந்து, 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்னொருவர், வாரன் ராபினெட், வேறு வழி கண்டுபிடித்தார். ‘அட்வெஞ்சர்’ என்ற விளையாட்டில் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அதன் நடுவில் தம் பெயரை எழுதிவைத்துவிட்டு உத்தியோகத்தை விட்டுப் போய்விட்டார். சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியைக் கண்டெடுத்துக்கொண்டு போனால்தான் அந்த அறைக்குள் நுழைய முடியும். கோயில் தூணின் மறைவான ஒரு மூலையில் சிற்பி தன் உருவத்தைச் சின்னதாகச் செதுக்கிவைத்த மாதிரி! விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையன் அதைக் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் கம்பெனிக்கே விஷயம் தெரிந்தது.

இந்தக் கட்டத்தில் என் சொந்த அநுபவம் ஒன்றைச் சொல்லுகிறேன். என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகிக்கு ஞாபகம் போய்விடும். கதைக்கு நல்ல வரவேற்பு. அது முடிந்த மறு வாரமே ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, “ஸார், அதே மாதிரி ஒன்று வேண்டும்” என்றார். “அதே மாதிரி என்றால்?” என்றேன். “அதே மாதிரிதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்!” என்றார். நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் எழுதுகிறவர்களுக்கா பஞ்சம்? ஆறு மாதத்துக்குள் மூன்று பத்திரிகைகளில் மூன்று பெண்களுக்கு ஞாபகம் போயிற்று. அதற்குப் பிறகு வாசகர்களுக்கே அந்தக் கதைகள் ஞாபகம் இல்லாமல் போயின. அந்த ஆசிரியர் கெட்டவர் அல்லர். வாசகர் எதை விரும்பினார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் விரும்பினார் என்பதுதான் தெரியவில்லை. கணக்குப் புத்தகத்தில் ‘எது’ இருக்கும், ‘ஏன்’ இருக்காது.

அமெரிக்காவில் இதே கதை கோடிக்கணக்கில் நடந்தது. ஆக்டிவிஷன் ஜெயித்ததைப் பார்த்து, “நாமும் செய்யலாமே!” என்று எல்லோரும் புறப்பட்டார்கள். ஓட்ஸ் கஞ்சி விற்கும் குவேக்கர் கம்பெனி விளையாட்டுத் தொழிலில் இறங்கியது. நாய்த் தீனி கம்பெனி ஒன்று தன் நாய்த் தீனியைத் துரத்தும் விளையாட்டு வெளியிட்டது. ஜான்ஸன் அண்ட் ஜான்ஸன் பெயரில் பல்லைக் காப்பாற்றும் விளையாட்டு வந்தது. கோக்கோ கோலா கம்பெனி தன் சிப்பந்திகளுக்காகச் செய்வித்த விளையாட்டு இருக்கிறதே, அது எல்லாவற்றையும் தூக்கி அடித்துவிட்டது. நிஷிகாடோவின் வேற்றுக்கிரகவாசிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ‘பெப்ஸி’ என்ற பெயரின் எழுத்துகளை வரிசையாக நிறுத்தி, அவற்றைச் சுடச் செய்தார்கள்!

பாக்-மேனை வீட்டு யந்திரத்தில் வெளியிடும் உரிமை அடாரிக்கு இருந்தது. ஆனால் 1981-ல் மாக்னவாக்ஸின் எஜமானர்களான பிலிப்ஸ் கம்பெனியார் ‘கே. சி. மன்ச்கின்’ என்று ஒரு விளையாட்டை முந்திக்கொண்டு வெளியிட்டார்கள். எட் அவெரெட் என்பவர் ஆக்கியது. பார்த்தால் பாக்-மேனின் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் இதில் புள்ளிகள் ஓடும். துரத்திப் பிடிக்க வேண்டும். சிக்கலான பாதைகளை விளையாடுகிறவரே வரைந்துகொள்ளவும் முடியும். அடாரி வழக்குத் தொடுத்தது. கீழ்க்கோர்ட்டு தடை விதிக்க மறுத்தது. 1982-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் மேல்கோர்ட்டு அதை மாற்றித் தடை விதித்தது. டென்னிஸ் விளையாட்டுக்காக மாக்னவாக்ஸிடம் கைகட்டி நின்ற அதே அடாரிதான் இப்போது அந்த வீட்டுக்காரர்களையே கூண்டில் ஏற்றியது. காலசக்கரம் சுழல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா?

அந்த மாதத்திலேயே அடாரியின் சொந்த பாக்-மேன் வீட்டு யந்திரத்துக்கு வந்தது. நூற்றிருபத்தெட்டு எழுத்துகளுக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத யந்திரம் அது. டாட் ஃப்ரை என்ற புரோகிராமர் தனியாக உட்கார்ந்து முடிந்த மட்டும் செய்தார். பேய்கள் மினுக் மினுக்கென்று மறைந்து தோன்றின. நிறமும் சத்தமும் மூலத்தைப்போல் இல்லை. ஆனாலும் பெயருக்காகவே சுமார் 70 லட்சம் விற்றது. கம்பெனி தயாரித்ததோ அதைவிட வெகு அதிகம். கோர்ட்டு உயர்த்திக் காத்தது காப்பியுரிமையை. கடைக்கு வந்தது உயிரில்லாத காப்பி.

அதே ஆண்டு ஜூலையில், ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ படத்தை விளையாட்டாக்கும் உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். கிறிஸ்துமஸுக்குச் சரக்கு கடையில் இருக்க வேண்டும். ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஐந்து வாரம்.

இந்த வார்ஷா யார் என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பு இவரிடம் வேறொருவருடைய ‘ஸ்டார் காஸில்’ விளையாட்டை வீட்டு யந்திரத்துக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தார்கள். “அப்படியே கொண்டுவந்தால் நன்றாக இராது, அதன் சாரத்தை எடுத்து வேறு ஒன்று செய்கிறேன்” என்று சொல்லி, மாதக்கணக்கில் உழைத்து, ‘யார்ஸ் ரிவெஞ்ச்’ என்ற அருமையான புது விளையாட்டைக் கொடுத்தவர். ஈ.டி.க்கும் புதிதாகவே ஒன்றை யோசித்துக்கொண்டு போனார். “பாக்-மேன் மாதிரி ஏதாவது செய்யக் கூடாதா?” என்ற பொருளில் ஸ்பீல்பெர்க் கேட்டாராம். அந்தப் படத்தை எடுத்த கலைஞரே இப்படிக் கேட்டார் என்றால், அந்த நாளைய காற்று எப்படி வீசியது என்று ஊகித்துக்கொள்ளலாம். வார்ஷா தம் யோசனையை விடவில்லை. ஆனால் ஐந்து வாரத்தில் என்ன செய்ய முடியும்? ஈ.டி. அடிக்கடி குழியில் விழுந்தது. விளையாடிய குழந்தைகள் வெறுத்துப்போனார்கள். அதே மனிதர், அதே யந்திரம். மாதங்கள் கிடைத்தபோது காப்பி வேலைகூடப் படைப்பாயிற்று; வாரங்கள் கிடைத்தபோது புது யோசனைகூடக் குப்பையாயிற்று.

1982-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி, எதிர்பார்த்த விற்பனை இல்லை என்று அறிவிப்பு வந்தது. வார்னர் பங்குகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் சரிந்தன. மறு ஆண்டில் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல். 1983-ம் ஆண்டு செப்டம்பரில், டெக்ஸாஸிலிருந்து லாரிகள் புறப்பட்டு நியூ மெக்ஸிகோவில் அலமொகோர்டோ ஊர்க் குப்பைமேட்டுக்குப் போயின. லட்சக்கணக்கான கார்ட்ரிட்ஜுகளைக் கொட்டி, நசுக்கி, மேலே சிமென்ட் கலவையை ஊற்றினார்கள். 2014-ம் ஆண்டு ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கார்ட்ரிட்ஜுகள் வெளியே வந்தன. ஈ.டி. மட்டும் அல்ல, பாக்-மேன் இருந்தது, நல்ல விளையாட்டான யார்ஸ் ரிவெஞ்சும் இருந்தது! குப்பை பெருகும்போது மாணிக்கமும் கூடவே புதைந்துபோகிறது. ஈயடிச்சான் காப்பியால் விளைகிற பெரிய நஷ்டம் இதுதான். கடைக்கு வந்த தகப்பனார், பத்துப் பெட்டி வாங்கி ஏமாந்த பிறகு, பதினோராவது பெட்டி நல்லதாகவே இருந்தாலும் எடுக்க மாட்டார்.

இந்தத் தொழில் பிறகு எப்படிப் பிழைத்தது? அதற்கும் ஒரு கிடங்குதான் காரணம். ஜப்பானிய நிண்டெண்டோ கம்பெனி, ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பாணியில் ‘ரேடார் ஸ்கோப்’ என்று ஒன்றைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஏறக்குறைய 2,000 யந்திரங்கள் விற்காமல் தேங்கின. அவற்றுக்குள் வேறு விளையாட்டைப் போட்டு எப்படியாவது தள்ளிவிடும்படி, சித்திரக்காரராக வேலைக்கு வந்திருந்த ஷிகெரு மியாமோட்டோவிடம் சொன்னார்கள். அவர் புரோகிராமர் அல்லர். கதை சொல்லத் தெரிந்தவர். ஒரு குரங்கு, ஒரு பெண், அவளை மீட்க ஏணி ஏறித் தாவும் ஒரு தச்சன் என்று மூன்று பாத்திரங்களை உண்டாக்கினார். 1981-ல் ‘டாங்கி காங்’ ஆக அது வெளிவந்தது. அந்தத் தச்சன்தான் பிற்பாடு மாரியோ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றான். 1985-ல் அமெரிக்காவில் வீட்டு யந்திரத்தை விற்க வந்த நிண்டெண்டோ, வெளிக் கம்பெனிகள் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது என்று திட்டம் செய்தது. அதில் அதிகார வாசனை இல்லாமல் இல்லை. ஆனாலும் குப்பைமேட்டிலிருந்து கற்ற பாடமும் அதில் இருந்தது.

பாடத்தை எல்லோரும் கற்றுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. 2014-ல் ‘த்ரீஸ்’ என்ற சிறு விளையாட்டு டெலிபோன்களுக்கு வந்தது. அதை ஆக்க ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டார்கள். சில வாரங்களுக்குள் அதன் சாயலில் எத்தனையோ முளைத்துவிட்டன. இனாமாகக் கிடைத்த ‘2048’ மூலத்தைவிடப் பெரிய பெயர் பெற்றது. வருஷக் கணக்கில் யோசித்தவனுக்குக் கிடைத்த தலைச்சன் சந்தோஷம் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

“அப்படியானால் வியாபாரமே கூடாதா?” என்று கேட்டால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உண்டியல் நிரம்பியிராவிட்டால் பாங்கும் இல்லை. மூட்டை மூட்டையாகத் தேங்கிய சரக்கு இல்லாவிட்டால் டாங்கி காங்கும் இல்லை. நான் பார்க்கும் வித்தியாசம் இவ்வளவுதான்: ஆக்குகிறவனுக்கு அவன் பெயரையும் போதிய காலத்தையும் கொடுத்த இடங்களில், காப்பியாகத் தொடங்கியதும் சொந்தச் சரக்காக மாறியிருக்கிறது. இரண்டையும் பறித்த இடங்களில், எவ்வளவு கெட்டிக்காரன் உட்கார்ந்தாலும் ஈதான் ஒட்டியிருக்கிறான்.

வாங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை உங்கள் பேரன் ஒரு விளையாட்டைக் காட்டி, “தாத்தா, இது ரொம்ப நன்றாயிருக்கிறது” என்று சொன்னால், அதை ஆக்கியவர் யார் என்று கேளுங்கள். அவனுக்குத் தெரியாவிட்டால் இருவருமாகத் தேடிப் பாருங்கள். பெயர் எங்கேயாவது ஒரு மூலையில், சாம்பல் புள்ளிக்குப் பின்னால் இருக்கக்கூடும்.